மூணு பின்னா, நாலு பின்னா?

பி.காம் படிக்கிறவனுக்கு மதர்போர்டில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். வீட்டில் தூக்கத்தைக் கெடுத்தவன் நான்தான். சரி செய்ய வேண்டியவனும் நான்தானே!

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பதும் அம்மா படுப்பதும் ஒரே அறை. காலை 4 மணிக்கு எழுந்தால்தான் அம்மா 6 மணி ஷிஃப்டுக்கு பஸ் பிடிக்க முடியும். நானோ புராஜெக்ட் என்று ராத்திரி 12 மணி வரை உட்கார்ந்திருப்பேன். வெயில் காலத்தில் கேபினெட் கொதிக்கிறதே என்று இரண்டு ஃபேன் வாங்கி மாட்டினேன். ஆன் செய்ததும் ஒரு இரைச்சல் பாருங்கள்... மிக்ஸியில் பொட்டுக்கடலை அரைப்பது மாதிரி! அம்மா ஒன்றும் சொல்லவில்லை. போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டாள். அதுதான் உறுத்தியது.

நான் செய்த முதல் புத்திசாலித்தனம், இரண்டு ஃபேனையும் கழற்றிவிட்டது. மூன்றாம் நாள் சிஸ்டம் ஆமை வேகத்துக்குப் போய், பிறகு பட்டென்று அணைந்தது. சேவ் செய்யாத 6 பக்கம் போச்சு. "மதர்போர்டு மாத்தணும் தம்பி" என்றார் கடைக்காரர். அவரைக் குறை சொல்ல முடியாது. ஃபேனைக் கழற்றியதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் வீட்டுக்கு வந்து, மதர்போர்டோடு கொடுத்த புத்தகத்தை முதல்முறையாகப் பிரித்தேன்.

விஷயம் இவ்வளவுதான். மூணு பின் ஃபேனில் ஒன்று கிரவுண்டு, ஒன்று 12 வோல்ட், மூன்றாவது எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று போர்டுக்குச் சொல்லும் ஒயர். இதன் வேகத்தைக் குறைக்க, போர்டு வோல்டேஜைக் குறைக்க வேண்டும். நாலு பின் ஃபேனில் கூடுதலாக ஒரு கட்டுப்பாட்டு ஒயர் உண்டு. 12 வோல்ட் அப்படியே இருக்கும். நாலாவது ஒயரில் நொடிக்குச் சுமார் 25,000 தடவை சிக்னல் ஆன், ஆஃப் ஆகும். ஆனாக இருக்கும் நேரம் கூடினால் வேகம் கூடும். இதற்குப் பெயர்தான் பி.டபிள்யூ.எம்.

மூணு பின் ஃபேன் நாலு பின் சாக்கெட்டில் அழகாக உட்காரும். அங்கேதான் ஏமாந்தேன். பயாஸில் அந்த சாக்கெட் பி.டபிள்யூ.எம் மோடில் இருந்தது. போர்டு நாலாவது பின்னில் "மெதுவா போ, மெதுவா போ" என்று கத்துகிறது. என் ஃபேனுக்கோ அதைக் கேட்கும் காதே இல்லை! முழு 12 வோல்டில் சுற்றித் தள்ளியது. இரண்டையும் திரும்ப மாட்டி, பயாஸில் டி.சி மோடுக்கு மாற்றினேன். சத்தம் அடங்கியது. செலவு 0 ரூபாய்.

நீங்களும் மாட்டப் போகிறீர்கள் என்றால் மூன்று விஷயம்:

சி.பி.யூ ஃபேன் என்று எழுதியிருக்கும் சாக்கெட்டில் பிராசசர் ஃபேனைத்தான் மாட்டணும். அது காலியாக இருந்தால் பல போர்டுகள் ஆன் செய்ததும் எர்ரர் காட்டி நின்றுவிடும்.

ஒரே சாக்கெட்டிலிருந்து ஒயரைப் பிரித்து இரண்டு மூன்று ஃபேன் மாட்டலாம். ஆனால் பெரும்பாலான போர்டுகளில் ஒரு சாக்கெட்டின் அளவு 1 ஆம்பியர். ஃபேன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆம்பியர் இருக்கும். மாட்டும் முன் கூட்டிப் பாருங்கள்.

காற்று, ஃபேனின் சட்டக் கம்பிகள் இருக்கும் பக்கமாக வெளியே வரும். முன்னால் உள்ளே இழுக்கட்டும், பின்னால் வெளியே தள்ளட்டும். வரவும் செலவும் டேலி ஆகணும் என்பது எங்கள் டிபார்ட்மெண்டுக்குத் தெரியாததா!

இப்போது 50 டிகிரி வரை 40 சதவீத வேகம், 75-ஐத் தாண்டினால் முழு வேகம் என்று வைத்திருக்கிறேன். ரொம்பக் குறைத்தால் ஃபேன் சுற்றாமலே நின்றுவிடும், ஜாக்கிரதை.

நேற்று ராத்திரி 11 மணிக்கு அம்மா புரண்டு படுத்து, "ஏன்டா, இன்னிக்கு கம்ப்யூட்டர் போடலையா?" என்றாள். போட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. "இல்லம்மா, நீ தூங்கு" என்றேன்.

பி.கு: அந்த 6 பக்கத்தைத் திரும்ப டைப் செய்துவிட்டேன். இந்தத் தடவை பக்கத்துக்கு ஒரு சேவ்.