எல்லோருக்கும் காய்ச்சல்

1996ல் நாக்பூரில் நான் ஆங்கிலம் நடத்திய எட்டாம் வகுப்பில் யாருக்கும் வயிற்றுவலி வந்ததில்லை. எல்லோருக்கும் காய்ச்சல்தான். நான் எழுதிப்போட்ட மாதிரி விடுப்புக் கடிதம் அப்படி: ‘ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.’ மராத்தி பேசும் பிள்ளைகள் அதைப் புள்ளி பிசகாமல் எழுதுவார்கள். பத்துக்குப் பத்து போடுவேன்.

ஒரு மாணவி நான்கு நாள் வரவில்லை. திரும்பி வந்தபோது அதே காய்ச்சல் கடிதம். பிழையே இல்லை என்று பாராட்டினேன். அவளுடைய அப்பா இறந்துவிட்டதைப் பக்கத்தில் இருந்தவள்தான் சொன்னாள். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “அதை எப்படி எழுதறதுன்னு நீங்க சொல்லித் தரலையே மேடம்” என்றாள். குறை சொல்லும் குரல் அல்ல. அதனால்தான் உறைத்தது.

மாதிரியை நான் கைவிடவில்லை. அது இல்லாமல் வேற்றுமொழியில் முதல் வரியே வராது. ஒன்றுக்குப் பதில் மூன்று கடிதங்கள் கொடுத்தேன்: அக்கா கல்யாணம், பருத்தி எடுப்பு, பழைய காய்ச்சல். எந்த வரி மூன்றிலும் இருக்கிறது, எது மாறுகிறது என்று அவர்களையே கோடிடச் சொன்னேன். நான்காவதை வகுப்பே சொல்ல, நான் கரும்பலகையில் எழுதினேன். அதை அழித்த பிறகுதான் தனியாக எழுத வேண்டும். 1980களில் சிட்னியில் உருவான முறை இது. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பிழைகள் பெருகின. நோட்டுகளில் சிவப்பு மை கூடிவிட்டதாகத் தலைமையாசிரியருக்கு வருத்தம்.

சில மாதங்கள் கழித்து அந்தப் பெண் ஒரு கடிதம் நீட்டினாள். மூன்று தப்பு. அம்மாவுடன் வங்கிக்குப் போக வேண்டும், படிவத்தை நான்தான் நிரப்ப வேண்டும் என்று எழுதியிருந்தாள். திருத்தாமல் கையெழுத்துப் போட்டேன்.