ஆல்ப்ஸ் பிரயாணம்

ஆல்ப்ஸ் மலைக்குப் போவது என்று எங்கள் வீட்டில் தீர்மானமானது தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். தீர்மானம் கொண்டுவந்தவள் என் பெண், வயது எட்டு. வழிமொழிந்தவன் நாலு வயதுப் பையன். மற்றவர்களுக்கு எங்கள் வீட்டில் ஓட்டுரிமை கிடையாது.

இதற்கெல்லாம் மூலகாரணம் திண்டிவனத்தில் இருக்கும் என் அக்கா. பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தோம். கூடத்தில் ஒரு ஜவுளிக்கடைக் காலண்டர் தொங்கியது. மேலே வெள்ளை வெளேரென்று பனிச் சிகரம், கீழே பச்சைப் புல்வெளி, நடுவே சிவப்பாக ஒரு சின்ன ரயில். 'யுங்ஃபிராவ், ஸ்விட்சர்லாந்து' என்று அடியில் போட்டிருந்தது. வேட்டி சேலைக்கும் அந்த மலைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, காலண்டர் கைமாறி எங்களோடு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறிவிட்டது.

"அப்பா, இந்த ரயில் மலைமேலே போகுமா?"

"போகும்."

"குழந்தைங்களை ஏத்துவாங்களா?"

"ஏத்துவாங்க."

"அப்ப பரீட்சை லீவுக்குப் போலாம்."

முடியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கதை எழுதுகிறவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. போக முடியாத ஊருக்குத்தான் வழி விசாரிப்பான். நானும் விசாரித்தேன். 1896இல் வேலை தொடங்கி, எய்கர், மோன்க் என்ற இரண்டு மலைகளின் வயிற்றைக் குடைந்து, 1912இல் அந்தப் பாதையைத் திறந்தார்கள். மேலே உள்ள ஸ்டேஷன் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திட்டம் போட்ட கையர்-ஸெல்லர் என்பவர் 1899இலேயே காலமாகிவிட்டார். அந்த ஸ்டேஷனுக்கு ரயில் போனதை அவர் பார்க்கவில்லை. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். விழுப்புரமோ கடல் மட்டத்துக்கு மேல் ஐம்பது மீட்டர் அளவில் கிடக்கும் ஊர். எங்களுக்கு மலை என்றால் செஞ்சிக்கோட்டை. ராஜகிரி ஏறி இறங்கிவிட்டு ஒரு வாரம் காலுக்குத் தைலம் தேய்ப்போம்.

பிறகு பணத்துக்குக் கணக்குப் போட்டேன். இதுவரை நான் எழுதிய நாவல்களுக்கெல்லாம் கிடைத்த தொகையைக் கூட்டினால், ஐந்து பேரில் ஒருவர் போய்ச் சேரலாம். திரும்பி வருவது அவரவர் சாமர்த்தியம். காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

ஆனால் படித்ததில் ஒரு விஷயத்தை மட்டும் அப்பாவிடம் சொன்னேன். "அந்த ரயில் மீட்டர் கேஜாம்பா."

அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் கீழே இறங்கியது.

அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தைந்து வயது. நான் சிறுவனாக இருந்த காலத்தில் விழுப்புரம் முழுக்க முழுக்க மீட்டர் கேஜ் ஊர். சென்னை, திருச்சி, கடலூர் வழியாக மாயவரம், புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைக்கும் ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்தான் ஓடிற்று. ஒவ்வொன்றாக அகலப் பாதையாகி, 2010க்குள் அந்தப் பழைய தண்டவாளம் எங்கள் ஊரைவிட்டே போய்விட்டது. அப்பாவுக்கு அதில் வருத்தம் உண்டு. வெளியில் சொல்ல மாட்டார்.

"அதுக்கு அவ்வளவு தூரம் போவானேன்?" என்றார். "நம்ம ஊட்டி வண்டியும் மீட்டர் கேஜ்தான். எஞ்சினும் ஸ்விட்சர்லாந்து எஞ்சின்தான். விண்டர்துர்ல செஞ்சது."

அவர் சொன்னது உண்மை. நீலகிரி ரயிலுக்கு 1882இலேயே யோசனை சொன்னவர் ரிக்கன்பாக் என்ற ஸ்விஸ் எஞ்சினீயர். அதன் பல்சக்கர முறையைக் கண்டுபிடித்த ஆப்ட் என்பவரும் ஸ்விஸ்காரர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகமண்டலம் வரை 1908இலும் ரயில் ஓடத் தொடங்கியது. 46 கிலோமீட்டர் தூரம். 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். பன்னிரண்டு அடி நடந்தால் ஓர் அடி ஏற வேண்டிய செங்குத்து. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. இப்போது பொன்மலைப் பட்டறையிலும் அந்த நீராவி எஞ்சினைச் செய்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் விட என் பெண்ணுக்குப் புரிந்தது அப்பா காட்டிய வித்தை. இரண்டு சீப்புகளை எடுத்து ஒன்றையொன்று ஒட்டிப் படுக்க வைத்தார். ஒரு சீப்பின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வருமாறு கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இந்த மாதிரி பல்லு வெச்ச இரும்புப் பட்டை ரெண்டு போகும். எஞ்சின் வயித்துல இருக்கிற பல்சக்கரம் இதுல கடிச்சுக் கடிச்சு ஏறும். ஒரு பல்லை விடறதுக்கு முன்னாடி இன்னொரு பல்லைப் பிடிச்சிருக்கும். பிடி இல்லாத நேரமே கிடையாது."

"எஞ்சின் முன்னாடி இழுக்குமா தாத்தா?"

"இல்லம்மா. கல்லாறு தாண்டினா ஏத்தம். அந்த ஏத்தத்துல எஞ்சின் பின்னாடி இருந்து தள்ளும். வேடிக்கை பாக்கறவங்க முன்னாடி, பாடுபடறவன் பின்னாடி."

காலண்டர் படத்துக்கு அருகே இரண்டு சீப்புகளும் ஒரு வாரம் கிடந்தன. என் மனைவி தலைவாரப் பக்கத்து வீட்டில் சீப்பு கேட்க வேண்டியதாயிற்று. ஆல்ப்ஸ் இப்படியாக நீலகிரிக்கு இடம் பெயர்ந்தது. "பனி இருக்குமா?" என்று மட்டும் பெண் கேட்டாள். மார்கழி, தையில் சில விடியற்காலைகளில் புல்லின்மேல் உறைபனி படியும், சித்திரையில் அதுவும் இருக்காது என்று உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்து, "சரி, ரயில் இருக்கில்ல" என்று சமாதானம் செய்துகொண்டாள்.

எனக்குத்தான் ஒரு சந்தேகம். ஊட்டிக்கு ஒருமுறைகூடப் போகாத அப்பாவுக்கு இவ்வளவும் எப்படித் தெரியும்?

இங்கே ஒரு பழைய கணக்கைச் சொல்ல வேண்டும். எனக்கு எட்டு வயதிலிருந்து வருஷா வருஷம் அப்பா ஊட்டிக்கு அழைத்துப் போவதாகச் சொல்வார். வருஷா வருஷம் மே மாதம் வரும், போகும். ஊரெல்லாம் பிரயாணம் போகும் மாதத்தில் ரயில்காரன் வீட்டில் பிரயாணம் கிடையாது. அவன் மற்றவர்களை அனுப்பிவைக்க வேண்டும். ஆனால் 1990இல் நிச்சயம் என்றார். நான் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மே மாதம் வந்தது. "இந்த வருஷம் தோதுப்படலை" என்று ஒரே வார்த்தை சொல்லி, என்னையும் அக்காவையும் திண்டிவனத்தில் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார். வெயிலில் புளியமரத்தடியில் உட்கார்ந்து அந்த மாதம் முழுவதும் நான் அவரை வெறுத்தேன்.

சிறுவனின் கோபம்தானே என்பீர்கள். சிறுவன் வளர்ந்து எழுத்தாளனாகிவிட்டால் கோபம் அச்சேறிவிடுகிறது. என் இரண்டாவது நாவலில், வாக்குக் கொடுத்துக் கொடுத்துத் தவறும் தகப்பன் ஒருவன் வருகிறான். நன்றாக அமைந்த பாத்திரம் என்று பாராட்டுக்கூடக் கிடைத்தது. அப்பா அதைப் படித்தார். "நல்லா இருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவரையும் அழைத்துக்கொண்டு ஊட்டிக்குப் போவது என்று நான் முடிவு செய்தவுடன், அக்கா குறுக்கே விழுந்தாள். அப்பாவுக்குக் கொஞ்ச நாளாக மூச்சிரைப்பு. இதற்காகவே ஒரு நாள் திண்டிவனம் போனேன். விழுப்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான். பையன் கூட வந்தான். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் வழக்கம்போல் பஸ்ஸில் வாந்தி எடுத்தான்.

"இவனை வெச்சுக்கிட்டு மலைக்கா? அங்க போயி அப்பாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" என்று ஆரம்பித்தாள் அக்கா. "2024லே ஃபெஞ்சல் புயல்ல விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல பாலத்துல தண்ணி ஏறி ரயிலே நின்னுது. தட்டை நிலத்துலயே இப்படி. மலையில மண்ணு சரிஞ்சா?"

மண் சரிவது ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் அதிகம் என்றேன். அவள் விடவில்லை. எனக்கும் கோபம் வந்தது.

"நாற்பது வருஷமாச் சொன்னதை இப்பவாவது அவர் செய்யட்டுமே!" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் என்னைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"டேய் தம்பி, அந்த வருஷம் அப்பா ஊட்டிக்குப் பாஸ் வாங்கிட்டாருடா. பை எல்லாம் கட்டியாச்சு. அம்மா வயித்துல கட்டின்னு டாக்டர் சொன்னது அந்த வாரம்தான். அந்தப் பாஸைத் திருப்பிக் குடுத்துட்டு, மெட்ராஸுக்குப் பாஸ் வாங்கி அம்மாவை ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாரு. எனக்குப் பதினாறு வயசு, எங்கிட்ட மட்டும் சொன்னாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. 'அம்மாவாலதான் போச்சுன்னு பையன் நினைச்சுடுவான். என்னாலே போச்சுன்னே நினைச்சுக்கட்டும்'னாரு."

அம்மா அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் எங்களோடு இருந்தாள். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அவள்மேல் கோபப்பட்டதில்லை. கோபமெல்லாம் வேறு இடத்தில் பத்திரமாக இருந்தது.

விழுப்புரம் திரும்பியதும் அப்பாவிடம் இதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதெல்லாம் கேட்கிற வழக்கமில்லை. "வழி எப்படிப்பா போடலாம்?" என்று மட்டும் கேட்டேன். அப்பா உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய ரயில்வே கால அட்டவணை ஒன்றைக் கொண்டுவந்தார். விழுப்புரம், விருத்தாசலம், சேலம், கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் என்று பென்சிலால் கோடு போட்டிருந்தது. சேலத்துக்குப் பக்கத்தில், 'வண்டி மாறணும், பையனைத் தூக்கிக்கொள்ள வேண்டும்' என்று அவர் கையெழுத்து.

இந்தக் காலத்து வழிகளையும் பார்த்தோம். சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விழுப்புரம் பக்கமே வருவதில்லை. காட்பாடி போய், இரவில் அதைப் பிடிக்கலாம். "தூங்கற குழந்தையோட ராத்திரியில வண்டி மாறாதே" என்று அப்பா அதை அடித்துவிட்டார். காரில் போனால் கொண்டை ஊசி வளைவுகள். கூட்டேரிப்பட்டையே தாங்காத பையன் குன்னூரைத் தாங்க மாட்டான். போதாததற்கு, 2024 மே முதல் ஊட்டிக்குப் போகும் வாகனங்களுக்கு இ-பாஸ் வேறு வேண்டும்.

கடைசியில் அப்பா சொன்ன திட்டம் இது. முதல் நாள் பகல் வண்டியில் திருச்சி, அங்கிருந்து கோயம்புத்தூர். மறுநாள் ஓய்வு, மாலையில் மேட்டுப்பாளையம் போய்த் தங்கி, ஸ்டேஷனில் எஞ்சினைப் பார்ப்பது. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு மேல் மலை ரயில். 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்கும்போது நாம் டீ குடிக்கலாம். குரங்குக்குப் பயந்து பண்டத்தை மூடிவைக்க வேண்டும். ஊட்டி சேர்ந்த அன்று யாரும் எங்கும் நடக்கக் கூடாது.

"மூணு நாளா?" என்றேன்.

"குழந்தைங்களும் கிழவனும் போற வண்டி. மெதுவாத்தான் போகணும்."

டாக்டரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேதான் தொடங்கும். ஊட்டி 2,200 சொச்சம். மூச்சுக்கு இழுக்கும் மருந்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், குளிருக்கு மூடிக்கொள்ளுங்கள், அவசரப்படாதீர்கள் என்றார். அவசரப்பட அந்த ரயிலுக்கே தெரியாது என்று அப்பா அவருக்குப் பதில் சொன்னார்.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு அறுபது நாளைக்கு முன்னால்தான். மலை ரயிலில் இடம் குறைவு. ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். ஆனால் இடமும் கிடையாது. ஐந்து மணி நேரம் பையன் யாராவது ஒருவர் மடியில் இருக்க வேண்டும். ஆகவே நான், மனைவி, பெண், அப்பா என்று நாலு டிக்கெட் என்று கணக்குப் போட்டு வைத்தேன். முதல் நாள் இரவு பத்து மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது.

"அஞ்சு டிக்கெட்டாப் போடு."

"நீயா? மலை சரியும்னியே?"

"அப்பாவுக்கு மருந்து எடுத்துக் குடுக்க ஆள் வேணாமா? உனக்கு வேடிக்கை பாக்கவே நேரம் சரியா இருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "அந்த வருஷம் நானும்தாண்டா போகல" என்றாள்.

ஐந்து இடமும் கிடைத்துவிட்டது. புறப்பட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. என் மனைவி ஸ்வெட்டர்களைப் பரணிலிருந்து இறக்கி வெயிலில் போட்டிருக்கிறாள். பையன் தாத்தாவின் விசிலை எடுத்துக்கொண்டு வீட்டில் ஒருவரையும் தூங்க விடுவதில்லை. பெண் காலண்டர் படத்தில் 'யுங்ஃபிராவ்' என்பதை அடித்துவிட்டு 'குன்னூர்' என்று எழுதியிருக்கிறாள்.

நேற்று மாலை பையனை யார் மடியில் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. "நான் வெச்சுக்கறேன்" என்று அப்பா முந்திக்கொண்டார். மூச்சிரைக்கும், வேண்டாம் என்றேன்.

"குன்னூர் வரைக்கும் நான். அப்புறம் நீ" என்றார்.

சரி என்றேன். பழைய கால அட்டவணையை மறுபடி பெட்டியில் வைக்கப் போனார். நான் வாங்கிப் பிரயாணப் பையில் வைத்தேன். அந்த நாவலை அச்சிலிருந்து அழிக்க எனக்கு வழியில்லை. இதை எழுதிச் சேர்க்க முடிந்தது.