அப்பா கடை கம்ப்யூட்டரும் அக்டோபர் 14-உம்

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி பால் ஊத்தியாச்சு. அதாவது, அதுக்கப்புறம் வழக்கமான இலவச பாதுகாப்பு அப்டேட் வராது. 2015 ஜூலைல வந்த சரக்கு, பத்து வருஷம் ஓடியிருக்கு. பொட்டி தட்டிப் பொழைக்கிற எனக்கு இது பெரிய மேட்டர் இல்ல, ஆபீஸ் லேப்டாப்ப ஐடி டீம் பாத்துக்கும். சிக்கல் கும்பகோணத்துல, அப்பாவோட டிடிபி கடைல இருக்கு.

கடைன்னதும் பெருசா கற்பனை பண்ணிடாதீங்க மக்களே. பத்துக்குப் பத்து ரூம், ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். அவ்ளோதான். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் இங்க தயாராகும். அப்பா டிரேசிங் ஷீட்ல பிரிண்ட் எடுத்துக் குடுத்தா பக்கத்துத் தெரு ஆஃப்செட் பிரஸ்ல பிளேட் போட்டு அடிச்சுடுவாங்க.

2025 தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப அப்பா கேட்டார். "சப்போர்ட் முடிஞ்சுபோச்சுன்னு ஸ்கிரீன்ல வந்து நிக்குதுடா. புதுசு ஏத்தணுமா, வேணாமா? ஒரு வார்த்தைல சொல்லு."

ஒரு வார்த்தைல பதில் சொல்ற கேள்வியா இது? :-)

முதல்ல மெஷின். 2013-ல வாங்கினது. மூணாம் தலைமுறை ஐ3, நாலு ஜிபி ராம். விண்டோஸ் 7-ஓட வந்துச்சு, 2016-ல இலவசமா 10-க்கு மாத்திக்கிட்டோம். ரெண்டுமே 32 பிட். விண்டோஸ் 11 கேக்குறது டிபிஎம் 2.0 சிப்பு, செக்யூர் பூட், இன்டெல்னா பொதுவா எட்டாம் தலைமுறைக்கு மேல. தவிர 11-ல 32 பிட் பதிப்பே கிடையாது. ஆக நேர்வழி அடைப்பு. ரெஜிஸ்ட்ரில கை வெச்சு பின்வாசல் வழியா ஏத்துற வித்தை எல்லாம் இருக்கு. ஆனா அப்படி ஏத்துன மெஷினுக்கு அப்டேட் வரும்னு உத்தரவாதம் இல்லைன்னு மைக்ரோசாஃப்ட்டே சொல்லிடுச்சு. அப்டேட்டுக்காகத்தானே இவ்ளோ கூத்தும்?

"அப்ப புது கம்ப்யூட்டர் வாங்கிட்டா போச்சு"ன்னு தோணும். எனக்கும் முதல்ல அதான் தோணுச்சு. சிபியு பின்னாடி எட்டிப் பாத்தா சின்னதா ஒரு யுஎஸ்பி டாங்கிள் நீட்டிக்கிட்டு நிக்குது. அப்பா வெச்சிருக்கிற தமிழ் எழுத்துரு சாஃப்ட்வேரோட பூட்டு அது. அந்தக் குச்சி இல்லன்னா தமிழ் டைப் ஆகாது. அதோட டிரைவர் 32 பிட்டுக்கு மட்டும்தான் இருக்கு. 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை உள்ள விடவே விடாது. வித்த கம்பெனி நம்பருக்கு நாலு நாள் அடிச்சுப் பாத்தேன், மணி போய்க்கிட்டே இருந்துச்சு.

அது மேல உக்காந்திருக்கிறது பேஜ்மேக்கர் 7. 2001-ல வந்தது, அதுக்கப்புறம் புது வெர்ஷனே வரல. அதுக்கு யூனிகோடு தெரியாது. கஸ்டமர் வாட்ஸப்புல அனுப்புற தமிழை அங்க ஒட்டினா வரிசையா கேள்விக்குறிதான் வரும். அதனால அப்பா எல்லாத்தையும் மறுபடி டைப் பண்ணுவார். பழைய டைப்ரைட்டர் லேஅவுட், கீபோர்டைப் பாக்கவே மாட்டார். நான் கோடு அடிக்கிற வேகமெல்லாம் அவர் பக்கத்துல நிக்காது.

யூனிகோடுக்கு முன்னாடி வந்த தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்கு உண்டான இடங்கள்ல தமிழ் வடிவத்தை வரைஞ்சு வெச்ச வேலை. ஃபான்ட்டை எடுத்துட்டா கீழ இருக்கிறது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான். ஆளுக்கு ஒரு வரிசை வேற வெச்சிருந்தாங்க. தமிழக அரசு 1999-ல டாம், டாப்னு ரெண்டு தரம் கொண்டுவந்தும் கடைகள்ல அவங்கவங்க பழகினதே ஓடிக்கிட்டு இருந்துச்சு. அப்பா ஹார்ட் டிஸ்க்ல இருக்கிற ஃபைல் எல்லாம் இந்த ரகம்தான்.

"பழைய ஃபைல் எதுக்குப்பா?"ன்னு கேட்டேன்.

"தம்பி, பத்திரிகைல யார் பேரு முன்னாடி வரணும், யார் பேரு பின்னாடி வரணும்னு ஒரு குடும்பத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. பெரியவளுக்கு அடிச்சப்ப சண்டை போட்டு ஒருவழியா முடிவு பண்ணினது. சின்னவளுக்கு வரும்போது, அண்ணே அதே மாதிரி போட்டுடுங்கம்பாங்க. அது இங்கதான் இருக்கு."

அதுக்கப்புறம் நான் வாயத் தொறக்கல. அவர் மெஷினைக் காப்பாத்தச் சொல்லல, பொழப்பைக் காப்பாத்தச் சொல்றார்னு அப்பதான் உறைச்சுது.

சரி, அப்படியே விட்டுடலாமா? 2017 மே மாசம் வான்னாக்ரை வந்து உலகம் பூரா ஃபைல்களைப் பூட்டி வெச்சு பணம் கேட்டுச்சே, ஞாபகம் இருக்கா? இங்கிலாந்துல ஆஸ்பத்திரிகளே ஆடிப்போச்சு. அந்த ஓட்டைக்கு மார்ச் மாசமே ஒட்டு வந்தாச்சு. அடி வாங்குனது பெரும்பாலும் அதைப் போடாத விண்டோஸ் 7 மெஷின்கள். சப்போர்ட் முடிஞ்ச சிஸ்டத்துக்கு நிலைமை இன்னும் மோசம். புதுசுக்கு ஒட்டு வரும்போதெல்லாம், பழசுல ஓட்டை எங்க இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சுடும். இந்த மெஷின்லதான் அப்பா பேங்க் வேலையும் பாக்குறார். வர்றவன் போறவன் பென் டிரைவ் எல்லாம் இதுலதான் சொருகுறான். ஃபோல்டரை எல்லாம் ஷார்ட்கட்டா மாத்துற வைரஸைப் பாக்காத டிடிபி கடை தமிழ்நாட்டுல உண்டா?

காசு கட்டியோ, மைக்ரோசாஃப்ட் கணக்குல செட்டிங்ஸை சேமிச்சு இலவசமாவோ, 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கலாம்னு ஒரு திட்டம் அறிவிச்சாங்க. நல்லதுதான். ஆனா அது வாய்தா, தீர்ப்பு இல்ல.

ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டப்புறம் ஒண்ணு புரிஞ்சுது. ஏத்தணுமா வேணாமான்னு கேட்டுக்கிட்டு இருந்தா விடியாது. இந்த மெஷின் என்னென்ன வேலை செய்யுது, யார் யாரோட பேசுதுன்னு கேக்கணும். இங்க ரெண்டு வேலை ஒரே பொட்டில உக்காந்திருக்கு. ஒண்ணு மாறவே கூடாது, இன்னொண்ணு மாறிக்கிட்டே இருக்கணும். ரெண்டையும் பிரிச்சுட்டா கேள்வியே பாதி கரைஞ்சுடுது.

அதனால செஞ்சது இது. பழைய மெஷினை அப்படியே விட்டாச்சு, நெட் கேபிளை மட்டும் உருவியாச்சு. எட்டாம் தலைமுறை செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒண்ணு, விண்டோஸ் 11-ஓட. வாட்ஸப், பேங்க், கஸ்டமர் பென் டிரைவ் எல்லாம் அங்க மட்டும். பிரிண்டர் பழைய மெஷின்லயே. ரெண்டுக்கும் நடுவுல போக வர சிவப்பு நூல் கட்டின பென் டிரைவ் ஒண்ணு, அது லேப்டாப்ல ஸ்கேன் ஆகாம இந்தப் பக்கம் வராது. லினக்ஸ் மின்ட் போடத்தான் எனக்கு ஆசை. ஆனா நான் இருக்கிறது சென்னைல. ஏதாச்சும் மக்கர் பண்ணா ஓடி வர்றது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரிப்பேர் கடை வெச்சிருக்கிற தம்பி. அவனுக்குத் தெரிஞ்சதைத்தான் போடணும்.

இன்னொண்ணும் பண்ணேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை முழுசா இமேஜ் எடுத்து, என் லேப்டாப்ல விர்ச்சுவல் மெஷினா ஏத்தி, டாங்கிளை அதுக்குக் குடுத்துப் பாத்தேன். பேஜ்மேக்கர் தொறந்து தமிழ் வந்துச்சு! நாளைக்கு மதர்போர்டு போனாலும் கடை நிக்காது. டாங்கிளே போயிட்டா? அதுக்குத்தான் ஒவ்வொரு ஃபைலா பிடிஎஃப் ஆக்கி வெச்சுக்கிட்டு இருக்கார். குடும்பத்துக்கு ஒரு ஃபோல்டர், கல்யாணத்துக்கு ஒரு பிடிஎஃப்னு, கடை காலியா இருக்கிற மத்தியான நேரத்துல. மாத்திப் போட முடியாது, ஆனா பேரு வரிசை பத்திரம்.

2011 வரைக்கும் முடிச்சுட்டேன்னு போன வாரம் ஃபோன்ல சொன்னார்.

பி.கு: உங்க ஊர்லயும் டாங்கிள் சொருகின பழைய மெஷின் ஒண்ணு எங்கயாச்சும் ஓடிக்கிட்டு இருக்கும். அடுத்த தடவை போகும்போது எதையும் ஏத்துறதுக்கு முன்னாடி அதோட பின்பக்கத்தை ஒரு தடவை எட்டிப் பாத்துடுங்க.