தலை வெளியே வராத ஆள்

14 நாளில் 8 நாடு என்று சென்னையிலிருந்து கிளம்பிய குழு எங்களுடையது. ஃப்ளோரன்ஸுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பகல். 2016 மே மாதம்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் ஒரு பெரியவருக்கு வாய்த்திருந்தது. மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் நான்கு சீட்டில் உட்கார்ந்துவிட, ஐந்தாவது ஆளாக இவர் என் பக்கம் வந்துவிட்டார். ஊர் மாமல்லபுரம். நாற்பது வருஷம் கல் பட்டறை. “கல்லு தட்டுறவனுக்கு ஐரோப்பா எதுக்கும்மா? பையன் கேக்கல” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பாரிஸிலும் சுவிட்சர்லாந்திலும் எதைப் பார்த்தும் அவர் வாய் திறக்கவில்லை.

காலையில் ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கும் பியாத்சாலே மைக்கலாஞ்சலோவில் இறக்கிவிட்டார்கள். கீழே ஆர்னோ நதி, செம்மண் நிற ஓட்டுக் கூரைகள், நடுவே தேவாலயத்தின் பெரிய குவிமாடம். கீழிருந்து மரச்சாரம் முட்டுக் கொடுக்காமலே புரூனலெஸ்கி எழுப்பியது, 1436இல் முடிந்தது. போட்டோவுக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தார்கள். அந்த மேட்டின் நடுவிலேயே பச்சை பூத்த வெண்கலத்தில், மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலைக்கு ஒரு நகல் நிற்கிறது. எங்களில் பாதிப் பேர் அதுதான் அசல் என்று நினைத்து, குடும்பத்தோடு நின்று படம் எடுத்து, பார்த்தாயிற்று என்று முடித்துக்கொண்டார்கள்.

பிறகு நகரத்துக்குள் நடை. பெரிய பஸ்களை உள்ளே விடமாட்டார்கள். பொன்தே வெக்கியோ பாலத்தில் வரிசையாக நகைக்கடைகள். ஒரு காலத்தில் கசாப்புக் கடைகள் இருந்த இடமாம்; நாற்றம் தாங்காமல் 1593இல் ஆட்சியாளர் கசாப்புக்காரர்களைக் கிளப்பிவிட்டுத் தட்டான்களைக் கொண்டுவந்திருக்கிறார். எங்கள் குழுப் பெண்கள் கிராம் விலையைக் கேட்டு, தி.நகர் கணக்கோடு ஒப்பிட்டு, சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். சின்யோரியா சதுக்கத்தில் இரண்டாவது டேவிட், பளிங்கில். 1910இல் வைத்த நகல். “இதுவும் டூப்ளிகேட்டா?” என்று ஒரு மாமா நிஜமாகவே கோபப்பட்டார்.

அசல் இருக்கும் அக்காதெமியா அருங்காட்சியகத்துக்குத் தனி டிக்கெட். வேண்டாதவர்கள் தோல் பை வாங்கப் போகலாம் என்றார் டூர் மேனேஜர். ஒன்பது பேர் மட்டும் கைதூக்கினோம். ஒன்பதாவது கை பெரியவருடையது.

உள்ளே நீளமான கூடம். கோடியில், மேலிருந்து விழும் வெளிச்சத்தில் டேவிட். ஐந்து மீட்டருக்கு மேல் உயரம். உள்ளே வந்த எல்லாரும் நேரே அதை நோக்கிப் போனார்கள். நானும் போனேன். திரும்பிப் பார்த்தால் பெரியவரைக் காணோம். கூடத்தின் வழியிலேயே நின்றுவிட்டிருந்தார்.

வழியின் இருபுறமும் மைக்கலாஞ்சலோ முடிக்காமல் விட்ட ‘கைதிகள்’ நிற்கிறார்கள். போப் இரண்டாம் ஜூலியஸின் கல்லறைக்காகத் தொடங்கியவை. கல்லறைத் திட்டம் சுருங்கிக்கொண்டே போக, இவை அப்படியே நின்றுபோயின. பிறகு நெடுங்காலம் இதே ஊரின் போபொலி தோட்டத்துச் செயற்கைக் குகையில் இருந்தன. ஒருவனுக்கு மார்பும் தொடையும் வந்துவிட்டன, கை இன்னும் கல்லுக்குள். இன்னொருவனுக்கு, அட்லஸ் என்று பெயர், தலையே வெளியே வரவில்லை. தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பாறைத் துண்டைச் சுமந்து நிற்கிறான்.

“இங்க வாம்மா” என்றார். எட்டு நாளில் அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. “இந்த வரி பாரு. பல்லு பல்லா இருக்கிற உளி. நம்ம கருங்கல்லுல இப்பிடி இழுக்க முடியாது, இது மெத்துக் கல்லு.” கை நீண்டுவிட்டது. காவலுக்கு நின்ற பெண் அதட்டினாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், வாய் நிற்கவில்லை. “நம்மூர்ல வலையன்குட்டை ரதம், பிடாரி ரதம் எல்லாம் பாதியில நிக்குதுல்ல? அங்க கட்டம் கட்டமாக் கோடு வெட்டி, கட்டத்த ஒடச்சு எடுத்திருப்பாங்க. இந்த ஆளு அப்பிடி இல்ல. முன்பக்கத்துலேர்ந்து நேரா உள்ள போறாரு. என்ன தைரியம் பாரு.”

மாமல்லபுரத்துக்கு நான் இருபது தடவை போயிருப்பேன். அந்தக் கட்டங்களை ஒருநாளும் பார்த்ததில்லை.

டேவிட்டின் முன்னால் வந்ததும், முழங்கையிலிருந்து விரல் வரை புடைத்திருந்த நரம்புகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இத்தாலிய வழிகாட்டி அம்மாள் சொன்னதை நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். வேறு இரண்டு பேர் கைவைத்துக் கைவிட்ட கல், பல வருஷம் தேவாலய முற்றத்தில் கிடந்தது, 1501இல் 26 வயசுப் பையன் எடுத்துக்கொண்டான் என்றேன். “வீணாப்போன கல்லா!” என்றார். 1504இல் முடிந்ததும் சதுக்கத்துக்குக் கொண்டுபோக நாற்பது பேருக்கு மேல் சேர்ந்து நான்கு நாள் ஆனதாம். பட்டறை வாசலுக்கு மேலே சுவரை இடித்து, கொழுப்புத் தடவிய 14 மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு நகர்த்தினார்களாம். அதைச் சொன்னபோதுதான் அவர் முகம் மலர்ந்தது. சிலையின் அழகைவிட அதை நகர்த்திய பாடு அவருக்கு நெருக்கமாக இருந்தது. “கட்டைய மாத்தறவன் கையிதான் முக்கியம். ஒரு நொடி தப்பினா போச்சு” என்றவர், தன் இடது கைப் பெருவிரலைக் காட்டினார். நகம் இல்லை. எந்தச் சிலைக்கு என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

பஸ்ஸுக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனோம். டூர் மேனேஜர் பேசாமல் கடிகாரத்தைக் காட்டினார். உள்ளே புதுத் தோல் வாசனை. யார் எத்தனை யூரோ குறைத்து வாங்கினார் என்ற கணக்கு பின்சீட்டு வரை போய்த் திரும்பியது. பெரியவரின் மருமகள், “என்ன மாமா பாத்தீங்க?” என்று கேட்டாள். “கல்லு” என்றார்.

ஊர் தாண்டி வெளிச்சம் மங்கிய பிறகு மெல்ல என் பக்கம் சாய்ந்தார்.

“அந்தத் தலை வெளிய வராத ஆளு இருக்காரே, உள்ள எந்தப் பக்கம் பாத்துட்டு இருப்பாரு?”

நான் யோசித்து முடிப்பதற்குள் முன்சீட்டிலிருந்து தயிர்சாதப் பொட்டலங்கள் கைமாறி வந்துவிட்டன.