இரண்டு ஸ்பூன் சர்க்கரை

பியானோ என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம், பழைய படத்தில் காதல் தோல்வி அடைந்த ஹீரோ உட்கார்ந்து தட்டுவாரே, அதுதான். பி.காம். படித்தவனுக்கு அது போதும் என்றிருந்தேன்.

போன வருஷம் அப்பா தவறிப்போனார். அதிலிருந்து அம்மாவுக்கும் தூக்கமில்லை, எனக்கும் இல்லை. மயிலாப்பூர் வீட்டு ஹாலில் அவள் ஊஞ்சலில், நான் தரையில் மொபைலோடு.

இளையராஜாவுக்கு மேற்கத்திய சங்கீதம் சொல்லிக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டர் இருந்தது எங்கள் மயிலாப்பூரில்தான். 1986-ல் வந்த 'ஹௌ டு நேம் இட்' ஆல்பத்தில், பாக் என்பவரைத் தன் வீட்டில் சந்தித்ததாகவே ஓர் உருப்படிக்குப் பெயர் வைத்திருக்கிறார் ராஜா. யாரப்பா இந்த பாக் என்று தேடியதில் அகப்பட்டது 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்'. 1741-ல் அச்சானது. தூக்கம் வராத ஒரு பிரபுவுக்காக எழுதியது என்று ஒரு கதை. ஆராய்ச்சியாளர்கள் பலர் நம்புவதில்லை. நான் நம்பினேன்.

முதலில் ஒரு மெட்டு, அப்புறம் 30 வேரியேஷன், கடைசியில் மறுபடி அதே மெட்டு. ஒரே மூச்சில் கேட்கப் பார்த்து, ஐந்தாவதில் கொட்டாவி. சரி, ராத்திரிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். வாசித்தவர் கனடாக்காரர் க்ளென் கூல்ட். அந்த முதல் மெட்டை 1955-ல் இரண்டு நிமிஷத்துக்குள் முடித்தவர், 1981-ல் மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டார். நான் நிதானத்தைத் தேர்ந்தெடுத்தேன். நடுநடுவே மனுஷர் முனகுவதும் கேட்கும்!

ஒரு வாரம் பார்த்துவிட்டு, "அப்படி என்னடா கேக்கறே?" என்று அம்மா ஒரு இயர்ஃபோனை வாங்கிக்கொண்டாள். மெட்டு எங்கே, எங்கே என்று நான் தவித்துக்கொண்டிருக்க, நாலாம் நாளே சொல்லிவிட்டாள்: "மேல என்னென்னமோ பண்றார். கீழ ஒருத்தர் அதே வழியிலதானே திரும்பத் திரும்ப நடக்கறார்?"

அதேதான். மாறாமல் வருவது மெட்டு இல்லை, அடியில் ஓடும் இடதுகை. கச்சேரி கேட்ட காது!

26-ம் ராத்திரி, 25-வது வேரியேஷன். ஆறு நிமிஷத்துக்கு மேல் ஒரே சோகம். முடிந்ததும் அம்மா சொன்னாள்: "கடைசியா சர்க்கரை போட்டு ஒரு காபி கேட்டார்டா. டாக்டர் கூடாதுன்னாரேன்னு நான் குடுக்கலை."

எனக்கு பதில் தெரியவில்லை. அடுத்ததை நாலு நாள் போடவில்லை.

ஒருவழியாகக் கடைசி ராத்திரி. முதலில் கேட்ட அதே மெட்டு. ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. ஆனால் இந்தத் தடவை எனக்கும் அந்த இடதுகைதான் கேட்டது. அம்மாவிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். தூங்கியிருந்தாள்.

காலையில் அப்பா படத்துக்கு முன்னால் டவரா டம்ளரில் ஆவி பறக்கக் காபி.

"எத்தனை ஸ்பூன்மா?"

"ரெண்டு."