ஒரு காற்றுப் பிழை

வாசகர்கள் பாராட்டி எழுதும் கடிதங்களை என் மனைவியின் கண்ணில் படும்படி மேஜைமேல் வைத்துவிடுவது வழக்கம். சென்ற மாசியில் வந்த ஒரு கடிதத்தை மட்டும் மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

எண்ணூர் காட்டுக்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருந்தாள். என் நாவலில் கதாநாயகன் மாலை 4 மணிக்குப் பாய் விரித்து, முகத்துவாரத்தை நோக்கிக் கிழக்கே பறக்கிறான். "அந்நேரத்தில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். உங்கள் கதாநாயகன் கடலுக்குப் போயிருக்க மாட்டான், வீட்டுக்குத் திரும்பியிருப்பான். ஒருநாள் வந்தால் எங்கள் நைனா காட்டுவார்" என்று முடித்திருந்தாள்.

நான் ராயபுரத்தில் பிறந்து திருவொற்றியூரில் குடியிருப்பவன். எண்ணூர் எனக்கு அடுத்த வீடு மாதிரி. ஆனால் அந்த நாவலை எழுதிய காலத்தில் கழிமுகத்தில் கால் நனைத்தவன் இல்லை. சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911இல் தொடங்கிய யாட் கிளப்பின் வெள்ளைப் பாய்களைச் சிறுவயதில் துறைமுகத்தில் தூரத்திலிருந்து பார்த்ததோடு என் கடல் ஞானம் சரி.

போனேன். காலை 7 மணிக்குப் படகு தயாராக நின்றது. சின்ன பைபர் படகு, மூங்கில்தான் பாய்மரம். பாயோ, யார் வீட்டு மஞ்சள் நீராட்டு விழாவுக்கோ அடித்த பிளெக்ஸ் பானர். தாய்மாமன்மார் மூவர் கைகூப்பி எங்களை வரவேற்றார்கள். எஞ்சினும் இருந்தது.

"காத்து இருக்கச் சொல்ல எஞ்சின் எதுக்கு சார்?" என்றார் நைனா. கரைக்காற்று எங்களை மெல்லக் கிழக்கே தள்ளிற்று.

கொசஸ்தலையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் கடலும் கூடுகிற இடம் அது. 1806இல் வெட்டிய கொக்ரேன் கால்வாய்தான் 1878இல் ஒரு கவர்னர் பிரபுவின் பெயரைச் சூட்டிக்கொண்டது. அந்நாளில் வரிசையாகப் பாய்மரப் படகுகள் போயிருக்கும். இன்று எங்கள் மாமன்மார் மட்டும்.

திட்டுத் திட்டாக இறங்கி ஏறினோம். முதல் திட்டில் மட்டிச் சிப்பிகளும் இரண்டு கூழைக்கடாக்களும். இரண்டாவதை நெருங்கும்போது நைனா திடீரென்று பாயைச் சுருட்டினார். இடுப்பளவுத் தண்ணீரில் இருளர் பெண்கள் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். படகு வேகமாகப் போனால் சேறு கலங்கி இறால் ஓடிவிடுமாம்.

தண்ணீரில் எதிர்ப்படுகிறவர்களை யாரும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "பாடு எப்டி ஆயா?" என்றார் நைனா. கிழவி பல்லில் ஓலைப் பறியைக் கவ்வியிருந்தாள். நெற்றியைச் சுருக்கினாள், அதுவே பதில். பிறகு பறியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இந்த ஐயா யாரு?"

"கதை எழுதறவரு ஆயா."

"நல்லதா போச்சு. அளக்க வந்தவரோன்னு பயந்தேன்."

என் தொழிலுக்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடைத்ததாக நினைவில்லை.

மூன்றாவது திட்டில் கண்டல் செடிகள். அடித்தண்டில் நைனா விரலை வைத்துக் காட்டிய இடத்தில், முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து பரவியதே, அதன் மிச்சம்.

"எண்ணூர் மீனுன்னா அப்ப ஒருத்தனும் தொடல சார். காசிமேட்டுல பழவேற்காட்டு மீனுன்னு சொல்லித்தான் வித்தேன்."

நான் சிரித்தேன். நான் காற்றை மாற்றினேன், இவர் ஊரை மாற்றினார் என்று ஏதோ வேடிக்கையாகச் சொல்லக்கூட வாயெடுத்தேன். அதற்குள் பெண் கேட்டாள்:

"எங்க புடிச்ச மீன் நைனா அது?"

அவர் பாய்க்கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"மொத வாரம் கடல்ல. அப்பால காசு இல்ல. இங்கதான்." சற்றுப் பொறுத்து, "உனக்கு பீஸ் கட்டின மாசம்" என்றார்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. முகத்துவாரத்து மணலில் அடுப்பு மூட்டினோம். அவர் வைத்த குழம்பு பிரமாதம். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். அவள் சோற்றில் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு, மீன் துண்டை ஒதுக்கி வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தபடி, தம் தட்டை அலம்பப் போனார். மணலில் உட்கார்ந்திருந்த எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கிளம்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. நைனா பாயை ஏற்றினார். எதிர்பாராத வேகத்தில் மாமன்மாரின் கன்னங்கள் உப்பின. படகு மேற்கே, வீட்டுப் பக்கம், தாவிற்று. சுக்கானைப் பிடிக்க இன்னொரு கை தேவைப்பட்டது. அவள் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள்.

"சார், மணி பாருங்க" என்றாள் என்னிடம்.

4 மணி 10 நிமிஷம். கடிதத்தை எடுத்து அதன் பின்புறத்தில் குறித்துக்கொண்டேன்.