கொல்லைப் பலா

பலாவும் அத்தியும் ஆலும் அரசும் ஒரே குடும்பம். எங்கள் பக்கத்தில் இதைத் தாவரவியல் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஒடித்தால் பால் வடிகிறதெல்லாம் பங்காளி மரம் என்பாள் அம்மா. ஆலங்குடியிலிருந்து வடகாடு, கீரமங்கலம் போகிற வழியில் செம்மண் கொல்லைகளில் இந்தப் பங்காளிகளில் பலாவுக்குத்தான் செல்வாக்கு.

எங்கள் கொல்லைப் பலா கொட்டை போட்டு முளைத்தது. அப்படி வந்த மரம் காய்க்க ஏழெட்டு வருடமாவது ஆகும். அதுவரை பொறுக்க அப்பத்தாவால் முடியவில்லை. மலட்டு மரத்துக்கு ரோஷம் வரட்டும் என்று தேய்ந்த விளக்குமாற்றையும் பிய்ந்த செருப்பையும் அதில் கட்டித் தொங்கவிட்டாள். பிள்ளையில்லை என்று புருஷன் வீட்டிலிருந்து அனுப்பப்பட்ட என் அத்தை அப்போது எங்களோடுதான் இருந்தாள். தினமும் அந்த மரத்தடியில்தான் பாத்திரம் துலக்குவாள். ஒரு நாள் விடிந்தபோது விளக்குமாறும் இல்லை, செருப்பும் இல்லை. அவிழ்த்தது யார் என்று அப்பத்தா கேட்கவில்லை. அதற்கு அடுத்த வருடமோ அதற்கும் அடுத்த வருடமோ மரம் தன் வயதுக்குக் காய்த்தது.

பலா, கிளை நுனியில் காய்ப்பதில்லை. அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும்தான் பிஞ்சு விடும். ஆண் கதிரும் பெண் கதிரும் ஒரே மரத்தில் தனித்தனியாக வரும். மகரந்தம் உதிர்த்த ஆண் கதிர் கறுத்துப் பூசணம் பிடித்து விழுவதைப் பார்த்து, பிஞ்செல்லாம் கொட்டுதே என்று அக்கம்பக்கம் பதறும். அம்மா பதறமாட்டாள். ஒரு பலாப்பழம் என்பது நூற்றுக்கணக்கான பூக்கள் ஒட்டி வளர்ந்தது. சூல் பிடித்த பூ சுளையாகும், பிடிக்காதது சடையாகும். பழம் ஒரு பக்கம் ஒடுங்கிக் கோணியிருந்தால் அந்தப் பக்கத்துப் பூக்களுக்கு மகரந்தம் சரியாகச் சேரவில்லை என்று அர்த்தம். இதை நான் கல்லூரியில் படித்துவிட்டு வந்து சொன்னபோது, “அதான் தெரியுமே” என்றாள்.

தை, மாசியில் அவளுக்கு வேலை அதிகம். ஒரே காம்பில் மூன்று நான்கு பிஞ்சு தொங்கினால் திடமான ஒன்றை விட்டுவிட்டு மற்றதை அரிந்துவிடுவாள். அது பலாமூசுக் கூட்டாகும். அடிமரத்தை மறைக்கிற தழையைக் கழித்து வெயிலும் காற்றும் படவிடுவாள். தூரில் தண்ணீர் தேங்கவிடாமல், நிழல் விழுகிற விளிம்பில் வட்டப் பாத்தி கட்டி மக்கிய எரு போடுவாள். உரசிக்கொள்ளும் காய்களுக்கு நடுவே வைக்கோல் செருகுவாள். காய் பருக்கும் பங்குனி வெயிலில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்ததும் அவள்தான்.

“காசக் கிள்ளி எறியுறா பாரு” என்பார் அப்பா. ஆனால் வியாபாரி வந்தால் திண்ணையில் உட்கார்ந்து விலை பேசுவது அவர். “ஒங்க மரத்துப் பழம்னா தனியாக் கேக்குறாங்கண்ணே” என்று வியாபாரி சொல்வதை அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்வாள். காபி கொடுக்க மட்டும் வெளியே வருவாள்.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா, எங்கள் மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. தென்னையும் பலாவும் வேரோடு கிடந்தன. எங்கள் மரம் பாதி முறிந்து நின்றது. கணக்கெடுக்க வந்தவர்கள் பட்டா யார் பேரில் என்று கேட்டார்கள். அப்பா பேரில். வங்கிக் கணக்கும் அவருடையதே. மரத்துக்கு யார் என்ன செய்தார்கள் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. அம்மா ஆள் வைத்து முறிந்த கிளைகளை வழுவழுப்பாக அறுத்தாள். வெட்டுவாயில் போர்டோ பசை பூசச் சொன்னார்கள். அதைப் பூசி, அதன்மேல் தன் நம்பிக்கைக்குச் சாணியும் செம்மண்ணும் அப்பினாள். ஏகமாய் வெடித்த துளிர்களில் மூன்றை மட்டும் விட்டாள். நான்காம் வருடம் காய் பிடித்தது.

அதற்குள் அப்பா இறந்திருந்தார். மரத்தை வெட்டிவிட்டு டிராக்டர் நிறுத்தக் கொட்டகை போடலாம் என்றான் அண்ணன். எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொண்டுவந்தான். “சீர் செஞ்சாச்சு, ரெண்டு பிரசவம் பாத்தாச்சு, ஒரு கையெழுத்துதானே தங்கச்சி.”

அப்பா உயில் எழுதவில்லை. உயிலில்லாமல் இறந்தவரின் சொத்தில் மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு என்பது 1956-லேயே வந்த சட்டம். பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமையைத் தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் தந்தது. அன்றைக்கு முன்பே மணமாகிவிட்ட பெண்களை அது விட்டுவிட்டது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தத்தில் அந்த விலக்கும் இல்லை. இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். என் பங்கைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கும் பங்கு உண்டு என்றபோது சிரித்துவிட்டாள். பிறகு கேட்டாள்: “நான் கையெழுத்துப் போடலேன்னா மரத்த வெட்ட முடியாதா?”

நம் ஊரில் அண்ணனைக் கேள்வி கேட்கிற தங்கைக்குப் பிறந்த வீடு இல்லாமல் போகும். எனக்கு இந்தப் பொங்கலுக்குச் சீர் வரவில்லை. வாரிசுச் சான்றிதழில் அம்மா, அண்ணன், நான் என மூன்று பெயர்களும் இருக்கின்றன. அதை வைத்துக் கூட்டுப் பட்டாவுக்கு மனுக் கொடுத்திருக்கிறோம். அம்மா தன் பெயரை முதல் வரியில் நிதானமாக எழுதினாள். போன வாரம் போனபோது மரத்தடியில் நின்றிருந்தாள். இந்த வருடம் பதினோரு காய் விட்டிருப்பதாகவும், சாலைப் பக்கக் கிளையில் இருப்பதை அண்ணன் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள்.